தனியே மிதிப்பதும் கூடி மிதிப்பதும்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)



காலை எட்டே முக்கால் மணிக்கு நம் பள்ளியின் மேற்கு வாயிலருகே நின்று பார்த்திருக்கிறீர்களா? மிதிவண்டிகள் மூன்று மூன்றாகவும் ஐந்து ஐந்தாகவும் வரும். பெல் ஓசையும் பேச்சொலியும் கலந்து கேட்கும். தனியாக வரும் வண்டி மிகச் சில. அதை ஓட்டி வருபவளும் வாயிலுக்குள் நுழைந்ததும் சுற்றுமுற்றும் பார்த்து யாருடனாவது சேர்ந்துகொள்வாள்.

ஆண்டுமலருக்கு அறிவியல் கட்டுரை எழுதித் தருமாறு வகுப்பாசிரியை சிஸ்டர் என்னைப் பணித்தபோது, விண்வெளியைப் பற்றி எழுதலாமா, அணுவைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். “நீ தினமும் செய்கிற ஒன்றைப் பற்றி எழுதேன்” என்றார்கள். நான் தினமும் செய்வது பதினான்கு கிலோமீட்டர் மிதிவண்டி மிதிப்பதுதான். போக ஏழு, வர ஏழு. ஆகவே, மிதிவண்டியில் தனியே செல்வது மேலா, கூட்டமாகச் செல்வது மேலா என்பதை இங்கு ஆராய முற்படுகிறேன்.

இது எனக்கு வெறும் கட்டுரைப் பொருள் அன்று என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது எங்கள் ஊரிலிருந்து ஐந்து பேர் சேர்ந்து வந்தோம். ஒருத்தியின் குடும்பம் பிழைப்புக்காகத் திருப்பூர் சென்றுவிட்டது. ஒருத்தி விடுதியில் சேர்ந்துவிட்டாள். ஒருத்தி எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அதன் காரணத்தை எழுதினால் அவள் வருந்துவாள், ஆகவே எழுதவில்லை. எஞ்சியிருப்பவர்கள் நானும் பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருவரும்தான். அக்கா இந்த ஆண்டோடு பள்ளிப் படிப்பை முடித்துவிடுவார். வருகிற ஜூன் மாதம் அந்தச் சாலையில் நான் ஒருத்திதான்.

“கூட்டமாப் போனீங்க, விட்டேன். ஒத்தையில போக வேணாம் தாயி” என்று அப்பா கூறிவிட்டார். எங்கள் ஊருக்குப் பேருந்து காலை ஆறு மணிக்கு ஒருமுறையும் பதினொரு மணிக்கு ஒருமுறையும் வருகிறது. முன்னதில் ஏறினால் பள்ளிக் கதவு திறந்திருக்காது. பின்னதில் ஏறினால் மூன்று பாடவேளைகள் முடிந்திருக்கும். விடுதிக் கட்டணத்துக்கு வழியில்லை. ஆகவே நான் இந்தப் பொருளை ஆராய்வதில் கொஞ்சம் சுயநலமும் இருக்கிறது. படிப்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் காற்றைப் பற்றிக் கூறுகிறேன்.

மிதிவண்டி ஓட்டுகிறவருக்குப் பகைவர் மூவர். ஒன்று, மேடு. இரண்டாவது, சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையே உண்டாகும் உராய்வு. மூன்றாவது, காற்று. எங்கள் சாலையில் கண்மாய்க்கரை ஏற்றம் ஒன்றைத் தவிர மேடு இல்லை. டயரில் காற்று சரியாக இருந்தால் உராய்வும் பெரிதில்லை. காற்றுதான் பொல்லாதது.

காற்றின் தடை நமது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. அதாவது வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். “நாம் என்ன பந்தயமா ஓட்டுகிறோம்? மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்களுக்குக் காற்றைப் பற்றி என்ன கவலை?” என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் இங்கே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது வண்டியின் வேகத்தை மட்டும் அன்று. எதிரே வரும் காற்றின் வேகத்தையும் அதோடு கூட்ட வேண்டும். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுவதாகக் கொள்வோம். பள்ளி விட்டு மேற்கு நோக்கி 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பெண்ணின் முகத்தில் மோதும் காற்றின் வேகம் 32. பன்னிரண்டின் வர்க்கம் 144. முப்பத்திரண்டின் வர்க்கம் 1024. ஏழு மடங்குக்கும் அதிகம்! அம்மியும் பறக்கும் என்று பெரியவர்கள் சொன்னது சற்று மிகைதான்; ஆனால் அம்மியை இழுத்துக்கொண்டு போவதுபோல் இருக்கும் என்று நான் உறுதி கூறுவேன். எங்கள் ஊர் பள்ளிக்கு மேற்கே இருப்பதால் காலையில் வெயில் முகத்தில் அடிக்கும். மாலையில் வெயிலும் காற்றும் சேர்ந்து அடிக்கும். சாலை போட்டவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இங்குதான் துணையின் பயன் தெரிகிறது. ஒருவர் முன்னால் செல்லும்போது அவர் உடல் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. அவருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஓர் இடம் உண்டாகிறது. அந்த இடத்துக்குள், முன்வண்டியிலிருந்து ஒரு சக்கர நீளத்துக்குள் நம் வண்டி இருக்குமானால், காற்றுத் தடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நமக்குக் குறைந்துவிடும். பின்னால் வருபவர் முன்னால் செல்பவரின் உழைப்பில் ஓசியில் வருகிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வியப்பு என்னவென்றால், முன்னால் செல்பவருக்கும் இதில் சிறிது லாபம் உண்டு. பின்னால் ஒருவர் நெருங்கி வரும்போது, தன் முதுகுக்குப் பின்னால் தன்னை இழுத்துப் பிடிக்கும் அந்தக் குறைந்த அழுத்தம் சற்று நிரம்புகிறது. இந்த லாபம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். ஆயினும் லாபம் லாபமே.

நெதர்லாந்து நாட்டின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பெர்ட் ப்ளோக்கன் என்பவரும் அவருடைய குழுவினரும் 121 மிதிவண்டிகள் கொண்ட ஒரு பந்தயக் கூட்டத்தைக் கணினியிலும், சிறு பொம்மைகளை வைத்துக் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தனர். 2018-ஆம் ஆண்டு அதன் முடிவு வெளியானது. கூட்டத்தின் நடுவே பின்பகுதியில் செல்கிறவருக்கு, தனியே செல்பவருக்குள்ள காற்றுத் தடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கே இருக்கிறது என்று கண்டறிந்தார்கள்.

இதை நானும் அக்காவும் சென்ற ஆடி மாதம் சோதித்துப் பார்த்தோம். மூன்று நாட்கள் இருவரும் தனித்தனியே, ஒருவரையொருவர் தொடாத தூரத்தில் வீட்டுக்குச் சென்றோம். அடுத்த மூன்று நாட்கள் ஒருவர் பின் ஒருவராக, கிலோமீட்டர் கல் வந்ததும் முறை மாற்றிக்கொண்டு சென்றோம். தனியே சென்ற நாட்களில் எனக்குச் சராசரியாக நாற்பத்து நான்கு நிமிடங்கள் ஆயின. முறை வைத்துச் சென்றபோது முப்பத்தாறு. “காற்று தினமும் ஒரே வேகத்தில் வீசாதே! இதைச் சோதனை என்று எப்படிச் சொல்வது?” என்று அறிவியல் ஆசிரியை என் குறிப்பேட்டில் சிவப்பு மையால் எழுதினார்கள். அது சரிதான். ஆனால் என் முழங்கால்களுக்கு அந்த ஐயம் இல்லை.

கூட்டமாகச் செல்வதில் ஓர் ஆபத்தும் உண்டு. அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஏழாம் வகுப்பில் ஒருநாள் ஐவரும் கதை பேசிக்கொண்டு நெருக்கமாகச் சென்றோம். என் முன்சக்கரம் முன்னால் சென்றவளின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் சற்று நுழைந்திருந்தது. அவள் ஒரு நாயைக் கண்டு இலேசாக ஒதுங்கினாள். அடுத்த கணம் நான் சாலையில் கிடந்தேன். அவளுக்கு ஒன்றுமில்லை, திரும்பிப் பார்த்து, “ஏன்டி விழுந்தே?” என்று கேட்டாள்.

ஏன் விழுந்தேன் என்பதற்கு விடை பிறகுதான் கிடைத்தது. மிதிவண்டியில் நாம் நேராக உட்கார்ந்திருப்பதாக எண்ணுகிறோம். உண்மையில் ஒவ்வொரு கணமும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துகொண்டேதான் இருக்கிறோம். சாயும் பக்கமாக ஹேண்டில்பாரைச் சற்றே திருப்பி, சக்கரத்தை நம் உடலுக்குக் கீழே கொண்டுவந்து தப்பித்துக்கொள்கிறோம். இது நமக்குத் தெரியாமலே நடக்கிறது. முன்சக்கரம் இன்னொரு வண்டியின் சக்கரத்தில் முட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் திருப்ப முடியாது. திருப்ப முடியாதவர் விழுவார். ஆகவே விழுவது எப்போதும் பின்னால் வருபவரே. நேர் பின்னால் வரலாம். பக்கவாட்டில் நுழையக் கூடாது. பள்ளம் வந்தால் முன்னால் செல்பவர் கைகாட்ட வேண்டும். லாரி ஓசை கேட்டால் பேச்சை நிறுத்தி ஒற்றை வரிசையாக வேண்டும். எங்கள் ஐவர் கூட்டத்தில் இந்த விதிகள் எல்லாம் என் முழங்கை உரிந்த பிறகுதான் வந்தன.

இனி, துணை கொள்வது சரியா என்ற கேள்வியே ஒரு பெரிய வழக்காக நடந்த கதையைக் கூறுகிறேன். பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் டூர் தெ பிரான்சு என்னும் மிதிவண்டிப் பந்தயம் 1903-இல் தொடங்கியது. அதை ஏற்படுத்திய ஆன்றி தெகிராஞ்சு என்பவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். ஒவ்வொரு வீரரும் தன் சொந்த வலிமையால் மட்டுமே வெல்ல வேண்டும், யாரும் யாருக்கும் உதவக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். 1913-இல் யூஜின் கிறிஸ்தோஃப் என்ற வீரர் துர்மாலே மலையிலிருந்து இறங்கும்போது அவருடைய வண்டியின் முன் ஃபோர்க் முறிந்துவிட்டது. வண்டியைத் தூக்கிக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்தே மலையடிவாரக் கிராமத்துக்கு வந்தார். அங்கிருந்த கொல்லன் பட்டறையில், அதிகாரிகள் பக்கத்தில் நின்று கண்காணிக்க, தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஃபோர்க்கைச் செப்பனிட்டார். மணிக்கணக்கில் நேரம் போயிற்று. இரு கைகளும் வேலையில் இருந்ததால் பட்டறைச் சிறுவன் ஒருவன் துருத்தியை ஊதினான். அந்தச் சிறுவனின் உதவிக்காகவும் அவருக்குத் தண்டனை நிமிடங்கள் விதிக்கப்பட்டன! படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. தனியே செல்வதை இவ்வளவு தூரம் கொண்டுபோனால் அது வீரம் ஆகாது, வீம்பு ஆகும் என்பது என் கருத்து.

பின்னர் விதிகள் தளர்ந்தன. 1930 முதல் நாடுகளின் பெயரால் குழுக்கள் வந்தன. குழு வந்ததும் வேறொரு சங்கடம் வந்தது. 1934-இல் ரெனே வியத்தோ என்னும் இருபது வயது இளைஞர் பிரெஞ்சுக் குழுவில் இருந்தார். மலையேற்றத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. பிரெனே மலையில், முதலிடத்தில் இருந்த அவருடைய குழுத் தலைவர் அந்தோனின் மாஞ்ஞின் சக்கரம் உடைந்தபோது வியத்தோ தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தனக்கு வேறு சக்கரம் வரும்வரை சாலையோரக் கற்சுவரில் உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அப்படியே நேர்ந்தது. முன்னே போயிருந்தவர் மலையில் திரும்பி வந்து தலைவருக்கு உதவினார். மாஞ் வென்றார். வியத்தோ ஐந்தாம் இடம். சுவர்மீது அமர்ந்து அழும் அவருடைய நிழற்படம் மிகவும் புகழ்பெற்றது. கூட்டத்தில் செல்பவர்களுள் யாரோ ஒருவர் காற்றை வாங்கியாக வேண்டும். அது எப்போதும் ஒருவராகவே இருந்துவிட்டால் அவர் சுவரில் உட்கார்ந்து அழத்தான் வேண்டியிருக்கும். எங்கள் கூட்டத்தில் கிலோமீட்டர் கல்லுக்குக் கல் முறை மாற்றிக்கொண்டது இதைத் தெரிந்து அன்று. முன்னால் போக யாருக்கும் பிடிக்காது என்பதால்.

தனியே சென்றவர்களுள் எனக்கு மிகவும் பிடித்தவர் அயர்லாந்து நாட்டுப் பெண்மணி டெர்வ்லா மர்ஃபி. 1931-இல் பிறந்தவர். பத்தாவது பிறந்தநாளுக்கு அவருக்கு ஒரு மிதிவண்டியும் ஒரு நிலவரைபடப் புத்தகமும் கிடைத்தன. மிதிவண்டியிலேயே இந்தியாவுக்குச் செல்வது என்று அப்போதே மனத்துக்குள் முடிவு செய்துவிட்டார். வாட்டர்ஃபோர்டு நகரில் உர்சுலைன் கன்னியர் நடத்திய கான்வென்ட் பள்ளியில் படித்தார். (நம்மைப் போல!) பதினான்காம் வயதில் தாயாரை மூட்டுவாத நோய் முடக்கியதால் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டோடு இருந்து பணிவிடை செய்தார். பதினாறு ஆண்டுகளுக்கு மேல் அவருடைய வண்டி பெரிதாக எங்கும் செல்ல இயலவில்லை. பெற்றோர் இருவரும் காலமான பின், 1963 ஜனவரியில், ஐரோப்பா முழுவதும் பனி உறைந்திருந்த குளிர்காலத்தில் புறப்பட்டார். துருக்கி, பாரசீகம், ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான் வழியாகத் தன்னந்தனியே வந்து அவ்வாண்டு ஜூலையில் தில்லியை அடைந்தார். வண்டிக்கு ‘ராஸ்’ என்று பெயரிட்டிருந்தார். அதிலிருந்த கியரை, கரடுமுரடான பாதைக்கு அது தாங்காது என்று புறப்படுமுன்பே கழற்றிவிட்டார்! அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1965-இல் வெளியானது. 2022-இல் தம் தொண்ணூறாம் வயதில் காலமானார்.

இவரைப் பற்றி அப்பாவிடம் கூறினேன். முழுவதும் கேட்டார். “அந்தம்மாவுக்கு முப்பத்தொரு வயசு. உனக்குப் பதினஞ்சு” என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அவர் சொன்னதிலும் தவறில்லை. கைத்துப்பாக்கி ஒன்றையும் மர்ஃபி எடுத்துச் சென்றார் என்பதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

அப்போதுதான் திண்ணையில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த அப்பத்தா பேசினார்கள். “உங்க அப்பனைக் கேரியர்ல வச்சு நான் ஓட்டுனேன். கேட்டுப் பாரு” என்றார்கள்.

தோழியரே, நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, எழுத்தறிவு ஊட்ட எழுந்த இயக்கம் அது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்று முனைந்தார்கள். பாடம் சொல்லிக்கொடுக்கும் பெண்கள் ஊர் ஊராகச் செல்ல வேண்டும். அழைத்துச் செல்ல ஓர் ஆணை எதிர்பார்த்து நின்றால் காரியம் நடக்காது என்பதே காரணம். விவசாயக் கூலிப் பெண்கள், கல்குவாரியில் வேலை செய்த பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பூ விற்றவர்கள், ஆசிரியைகள் எனப் பலரும் ஓட்டக் கற்றார்கள். 1992-ஆம் ஆண்டு அனைத்துலகப் பெண்கள் நாளில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டிகளில் கொடி கட்டிக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் ஊர்வலமாக வந்தார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பின்னர் வடநாட்டு மாணவர்களின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் இடம்பெற்றிருந்தது. நம் மாவட்டத்துப் பெண்களைப் பற்றி வடக்கே பாடமாகப் படித்திருக்கிறார்கள். நான் அறிந்ததோ திண்ணையில்!

அப்பத்தாவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். பொழுது சாய்ந்த பிறகு பள்ளிக்கூடப் பொட்டலில் பன்னிரண்டு பெண்கள் கூடுவார்களாம். வாடகைக் கடையிலிருந்து இரண்டு வண்டிகள் வரும். லேடீஸ் சைக்கிள் கிடைக்காது. ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டிதான். முதலில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல், பிறகு பாருக்கு மேல் அரைப் பெடல், பிறகு சீட். சேலையைக் கொசுவி இழுத்துச் செருகிக்கொள்வார்கள். ஒருவர் ஓட்ட, இருவர் கேரியரைப் பிடிக்க, மற்றவர்கள் சிரிக்க. பின்னாளில் அந்தப் பார் நல்லதாகவே போயிற்று. சிறு பிள்ளையை அதில் உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று பல பெண்கள் ஆண்கள் வண்டியையே விரும்பி வாங்கினார்களாம்.

“கேலி பண்ணலையா அப்பத்தா?” என்று கேட்டேன்.

“பண்ணாம? பொம்பளை சைக்கிள் ஓட்டுனா மழை பெய்யாதுன்னான் ஒருத்தன். பன்னெண்டு பேரும் சேர்ந்து திரும்பிப் பாத்தோம். போயிட்டான்.”

“ஊர்வலத்துக்குப் போனீங்களா?”

“போனேன். அது திருவிழா மாதிரி. அதுல பயமே இல்ல. பயம் அதுக்கு அடுத்த வாரம்தான்.”

அடுத்த வாரம் சந்தைக்குக் கத்தரிக்காய்க் கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு அப்பத்தா முதன்முதலாகத் தனியே சென்றார்களாம். அதுவரை தாத்தாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர்கள் சொன்ன விலையை வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். கண்மாய்க்கரையில் ஏறும்போது எதிரே வந்த இரண்டு பேர் ஏதோ சொன்னார்கள். பன்னிரண்டு பேர் அங்கு இல்லை. கை நடுங்கியது. பெல்லை விடாமல் அடித்துக்கொண்டே கடந்துபோய்விட்டார்களாம். இறக்கத்தில் செயின் கழன்றது. அதை மாட்டத் தெரியாது. அரை மணி நேரம் பார்த்துப் பார்த்து ஒரு குச்சியால் மாட்டினார்கள். கையெல்லாம் கறுப்பு மசகு. அந்தக் கையோடுதான் சந்தையில் விலை பேசினார்கள். “என்ன விலைக்குப் போச்சுன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி இவங்க எவ்வளவு மறைச்சாங்கன்னும் தெரிஞ்சுது” என்று சொல்லிவிட்டு அப்பத்தா வெகுநேரம் சிரித்தார்கள்.

நான் இதை எழுதும்போது நினைக்கிறேன்: அந்தப் பன்னிரண்டு பேர் இல்லாவிட்டால் அப்பத்தா பொட்டலில் முதல் மிதி மிதித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் பன்னிரண்டு பேரோடு மட்டுமே போகலாம் என்று இருந்திருந்தால் கத்தரிக்காய் விலை தெரிந்திருக்காது. சந்தை நாளில் பன்னிரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வேலை ஒழியுமா?

வடக்கேயும் இதற்கு ஒரு சான்று உண்டு. பீகார் மாநிலத்தில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்புக்குச் செல்லும் பெண்களுக்கு மிதிவண்டி வாங்க அரசு பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளியல் அறிஞர்கள் இதை ஆராய்ந்தனர். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 விழுக்காடு கூடியது. ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பயன் மிகுதி. ஒரே நேரத்தில் ஒரே ஊரில் பல பெண்களுக்கு வண்டி கிடைத்ததால் அவர்கள் கூட்டமாகச் செல்ல முடிந்தது. அதனால் பாதுகாப்பு கூடியது, ஊராரின் எதிர்ப்பும் குறைந்தது என்பதை அவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஒருத்திக்கு மட்டும் கொடுத்திருந்தால் அவள் அப்பாவும் என் அப்பாவைப் போலத்தான் சொல்லியிருப்பார். நமக்கும் பதினொன்றாம் வகுப்பில் அரசின் விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது. அந்த வண்டி எனக்குக் கிடைக்கும்போது, கூட வர ஆள் இருக்காது. அதுதான் என் கணக்கில் உள்ள குறை.

அப்பத்தா பேசியதற்குப் பின் வீட்டில் இரண்டு நாட்கள் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் அப்பா பழைய டியூப் ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, “பங்க்சர் ஒட்டத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பது, உப்புத்தாளால் தேய்ப்பது, சொல்யூஷன் தடவிக் காயவிடுவது, பிறகு ஒட்டுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார். காயும் முன் ஒட்டிவிடும் அவசரம் எனக்கு. நான்காவது முறைதான் நின்றது. செயின் மாட்டுவதை அப்பத்தா கற்றுத் தந்தார்கள், குச்சி இல்லாமலே. வழியில் உள்ள தேநீர்க் கடை, ரைஸ் மில், சர்ச் ஆகிய மூன்று இடங்களிலும் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொல்லிவைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜனவரி மாதம் முதல் பத்தாம் வகுப்புக்குச் சனிக்கிழமைகளில் சிறப்பு வகுப்பு நடக்கிறது அல்லவா? அக்காவுக்கு அன்று வகுப்பில்லை. அந்தச் சனிக்கிழமைகளில் மட்டும் தனியே போய்ப் பார்க்கலாம் என்று அப்பா ஒப்புக்கொண்டார். முதல் சனிக்கிழமை என் பின்னால் இருநூறு அடி தூரத்தில் மொபெட்டில் வந்தார். வகுப்பு விட்டதும் திரும்பும்போதும் அப்படியே. அதற்குப் பெயர் தனியே போவதா என்று எனக்குள் ஒரு கேள்வி. இரண்டாவது சனிக்கிழமையும் மொபெட் ஓசை கேட்டது. சற்றுத் தூரம் தள்ளி.

தனியே போகும்போது சாலை நீளமாக இருக்கிறது. பேச்சு இல்லாததால் எல்லா ஓசைகளும் கேட்கின்றன. செயின் எந்த இடத்தில் உரசுகிறது என்று தெரிகிறது. வயலில் கொக்கு எழும்பும் சிறகோசை கேட்கிறது. ஐந்து ஆண்டுகள் போய்வந்த சாலையில் ரைஸ் மில்லுக்கு எதிரே ஓர் இலுப்பை மரம் இருப்பதை நான் அன்றுதான் கண்டேன். பின்னால் வண்டி வந்தால் முதுகு கூசுகிறது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் என் மிதி தானாகவே வேகம் பிடிக்கிறது. அக்கா இருந்தால் அந்த இடத்தில்தான் நாங்கள் மிக மெதுவாகப் போவோம், கதை முடிய வேண்டும் என்பதற்காக.

மூன்றாவது சனிக்கிழமை கண்மாய்க்கரை ஏறியதும் திரும்பிப் பார்த்தேன். மொபெட்டைக் காணவில்லை. கொஞ்ச நேரம் காலை ஊன்றி நின்றேன். பிறகு இறக்கத்தில் இறங்கிவிட்டேன்.

அன்று மாலை வீட்டில், “ஏம்ப்பா வரல?” என்று கேட்டேன்.

“பெட்ரோல் இல்ல” என்றார் அப்பா.